பெயரைச் சரிபார்க்காமல் ஊசி போடக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் நாகர்கோவிலில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார். இஸ்ரேல் தன் எதிரி இயக்கங்களின் தலைவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கொல்வதில் பாவமே இல்லை, வயலில் களை எடுப்பது மாதிரிதான் என்பது அவர் வாதம். துணைக்குத் திருவள்ளுவரையும் கூட்டி வந்திருந்தார், 'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்' என்று. கடிதம் நன்றாகத்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். கையில் இருந்த சாயா ஆறிப்போகும் வரை இரண்டு தடவை வாசித்தேன். அப்புறம் ஒரு நாள் முழுக்க மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். நீளமாகப் போகும். வெட்டத்தான் வேண்டும் என்றால் நடுவில் வெட்டுங்கள், கடைசியில் உங்களிடமே ஒரு கோரிக்கை இருக்கிறது, அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவளுக்கு என்ன தெரியும் என்று தோன்றும். கருங்கல் பக்கம் வீடு, ஓய்வுபெற்ற நர்ஸ். 1993இல் இருந்து 2002 வரை சவூதியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன், அந்தப் பணத்தில்தான் இந்த வீடும் பின்னால் இருக்கிற அரை ஏக்கர் விளையும் வாங்கியது, தோட்டத்தை இங்கே விளை என்போம். தங்கை மகள் இப்போது இஸ்ரேலில், டெல் அவிவுக்குத் தெற்கே ஓர் ஊரில், 88 வயது அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறாள். அரபு நாட்டுச் சோறும் இஸ்ரேல் சோறும் தின்ற குடும்பம் எங்களுடையது, எந்தப் பக்கத்தையும் மொத்தமாக வைய எனக்கு வாய் வராது. எங்கள் ஊர் ஜெபக்கூட்டத்தில் இஸ்ரேலுக்காகக் கண்ணீர் விட்டு ஜெபிக்கிறவர்கள் உண்டு, என்னோடு நர்சிங் படித்த குளச்சல்காரி காசாக் குழந்தைகளின் படத்தை ஸ்டேட்டஸில் வைக்காத நாள் இல்லை. இரண்டு பேருமே எனக்கு வேண்டியவர்கள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சவூதியில் நான் சேர்ந்த இரண்டாவது வருடம், இரவு டியூட்டி, இரண்டு மணி இருக்கும். ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள், அங்கே அது சாதாரணம், நம் ஊரில் ஒரு தெருவில் நாலு அந்தோணி இருப்பது போல. ஒருவருக்குச் சர்க்கரை, இன்சுலின் போட வேண்டும். இன்னொருவர் அன்று காலைதான் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவர், பட்டினி வயிறு. நான் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு போய், பெயரைச் சொல்லிக் கேட்டேன், அவர் தலையாட்டினார். பஞ்சால் கையைத் துடைத்தும் ஆயிற்று. ஊசியைக் கிட்டே கொண்டுபோகும்போதுதான் மணிக்கட்டுப் பட்டையில் இருந்த ஃபைல் நம்பரைப் பார்த்தேன், கடைசி இலக்கம் வேறு. அரைத் தூக்கத்தில் இருக்கிறவனிடம் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் தலையாட்டத்தான் செய்வான். அன்றைக்கு அந்த இன்சுலினைப் போட்டிருந்தால் விடியும்போது என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நர்ஸிடம் கேட்டுப்பாருங்கள். மருந்து அறைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன், அரை மணி நேரம் கை நடுக்கம் நிற்கவில்லை. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று எங்களுக்குப் பாடமாகச் சொல்லித் தந்ததில் ஆள் ஏன் முதலில் வருகிறான் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

உயிர் பிழைக்க வைக்கிற ஊசிக்கே இந்தக் கெடுபிடி. உயிரை எடுக்கிற வேலைக்கு யார் பட்டையைத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்பதுதான் நான் கேட்க வந்த கேள்வி. செத்த தலைவர் நல்லவரா கெட்டவரா என்று நாம் சாயாக்கடையில் மணிக்கணக்காகப் பேசுகிறோம், நாகர்கோவில்காரரும் அதைத்தான் ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தார். கெட்டவர் என்றே வைத்துக்கொள்வோம், எனக்கு அதில் தகராறு இல்லை.

1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் பாலஸ்தீன ஆயுதக் குழுவினர் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேரைக் கொன்றார்கள். அதற்குப் பழிவாங்க அந்த நாட்டு உளவுத்துறை ஆட்களை அனுப்பியது. 1973 ஜூலை 21, நார்வேயில் லில்லஹாமர் என்று ஒரு சின்ன ஊர். சினிமா பார்த்துவிட்டுக் கர்ப்பிணி மனைவியோடு வீட்டுக்கு நடந்து போன ஒரு மனிதரை, மனைவியின் கண் முன்னாலேயே சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் தேடி வந்த ஆள், மியூனிக் கொலைக்குத் திட்டம் போட்டவர் என்று அவர்கள் நம்பிய அலி ஹசன் சலாமே, செத்தது மொராக்கோவில் இருந்து பிழைக்க வந்த ஒரு ஓட்டல் சர்வர். முகஜாடையை நம்பினார்கள், அவ்வளவுதான். பல ஆண்டுகள் கழித்து, 1996இல், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலேயே இஸ்ரேல் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுத்தது. தேடிய ஆளை 1979இல் பெய்ரூட்டில் காரில் குண்டு வைத்துக் கொன்றார்கள், அதிலும் அந்த வழியாகப் போன சம்பந்தமில்லாதவர்கள் சேர்ந்து செத்தார்கள்.

நார்வே தூரம் என்று தோன்றினால் நம் கடலுக்கு வாருங்கள். 2012 பிப்ரவரி 15. எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாக வந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் கடற்கொள்ளையர்கள் என்று நினைத்து ஒரு மீன்பிடி போட்டைச் சுட்டார்கள். செத்த இரண்டு பேரில் ஒருவன் நம் மாவட்டக் கடற்கரைப் பையன், சின்ன வயசு. அது குறிவைத்து நடத்திய கொலை இல்லை, தெரியும், ஆனால் தூரத்தில் இருந்து பார்த்து இவன் இன்னான் என்று முடிவு செய்தது மட்டும் அதேதான். போட்டில் இருந்தவர்கள் கையில் இருந்தது தூண்டிலும் வலையும். வழக்கு நெதர்லாந்தின் ஹேக் நகரம் வரை போய், கடைசியில் 2021இல் 10 கோடி ரூபாய் நஷ்டஈட்டோடு உச்ச நீதிமன்றம் அதை முடித்து வைத்தது. அன்றைக்கு இந்த மாவட்டத்தில் யாராவது "சந்தேகம் வந்தால் சுடத்தானே செய்வார்கள்" என்று சொன்னார்களா? சொல்லியிருந்தால் கடற்கரைப் பக்கம் தலைகாட்டியிருக்க முடியாது.

அப்புறம் அந்தப் பேஜர் விஷயம். நாகர்கோவில்காரர் அதை 'உலகமே வியந்த சாதனை' என்று எழுதியிருக்கிறார். 2024 செப்டம்பர் 17 அன்று லெபனானில் ஹிஸ்புல்லாக்காரர்கள் வைத்திருந்த பேஜர்கள் ஒரே நேரத்தில் வெடித்ததைச் சொல்கிறார். டிவியில் அதைப் பார்த்தபோது என் கை தானாக இடுப்புக்குப் போனது. சவூதியில் இரவு மேற்பார்வையில் இருந்த வருடங்களில் அந்தக் கறுப்புப் பெட்டி என் இடுப்பில்தான் தொங்கும். அது கூப்பிட்டால் என்ன செய்வோம் தெரியுமா? எடுத்து முகத்துக்கு நேராக வைத்துப் பார்ப்போம், எழுத்து அவ்வளவு பொடிசு. லெபனானிலும் அப்படித்தான் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அதனால்தான் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த ஆயிரக்கணக்கானவர்களில் அத்தனை பேருக்குக் கண்ணும் விரலும் போயிருந்தது. செத்தவர்களில் குழந்தைகள் இரண்டு, மருத்துவமனை ஊழியர்களும் உண்டு. ஹிஸ்புல்லா என்பது துப்பாக்கி தூக்குகிறவர்கள் மட்டுமில்லை, ஆஸ்பத்திரியும் ஆம்புலன்சும் கட்சி ஆபீசும் நடத்துகிற இயக்கம். பேஜர் யாருக்கு விற்கப்பட்டது என்பது வேண்டுமானால் துல்லியமாகத் தெரிந்திருக்கும். மதியம் மூன்றரை மணிக்கு அது யார் கையில் இருந்தது என்பது ஒருவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை, வீட்டு மேசையில் கிடந்து சத்தம் போட்டால் ஒரு பிள்ளைதான் முதலில் ஓடிப்போய் எடுக்கும்.

களை என்று சொன்னாரே, அதற்கு வருகிறேன். எங்கள் விளையில் மரச்சீனி, அதுதான் மரவள்ளிக்கிழங்கு, போட்டிருக்கிறோம். களை எடுக்க வருகிற அக்காவை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். குனிந்து, இலையைத் தொட்டுப் பார்த்து, பக்கத்து மூட்டை இடது கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டுதான் பிடுங்குவாள். எட்டாயிரம் அடி உயரத்தில் நின்றுகொண்டு ஒருவரும் களை எடுப்பதில்லை. இன்னொன்று, கோரை. கோரையைக் கையால் பிடுங்கினால் மேலே உள்ள புல் மட்டும்தான் வரும், கிழங்கு மண்ணுக்குள் அறுந்து கிடக்கும், பத்து நாளில் ஒன்றுக்கு மூன்றாக நிற்கும். 1992 பிப்ரவரியில் ஹிஸ்புல்லா தலைவர் அப்பாஸ் முசாவியை, மனைவியும் சின்னப் பையனும் கூட இருந்த காரில் வைத்து ஹெலிகாப்டரில் இருந்து ஏவுகணை விட்டுக் கொன்றது இஸ்ரேல். அடுத்த மாதமே அர்ஜென்டினாவில் இஸ்ரேல் தூதரகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது, 29 பேர் செத்தார்கள். முசாவியின் இடத்துக்கு வந்தவர்தான் நஸ்ரல்லா. முப்பத்திச் சொச்சம் வயதில் வந்தவர் 32 வருடம் அந்த இயக்கத்தை நடத்தி, முன்னைக்காட்டிலும் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டினார். அவரையும் 2024 செப்டம்பர் 27 அன்று கொன்றார்கள், நாலாம் நாள் ஈரான் ஏறக்குறைய 180 ஏவுகணைகளை இஸ்ரேல் மேல் விட்டது. அந்த ராத்திரி என் தங்கை மகள் எங்கே இருந்தாள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

குறளைப் பற்றியும் ஒரு வார்த்தை. களை எடுக்கிற குறள் செங்கோன்மை அதிகாரத்தின் பத்தாவது குறள். அதே அதிகாரத்தின் முதல் குறள், 'ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை'. விசாரித்து, ஓரம் சாராமல், ஆராய்ந்து செய்வதுதான் முறை என்கிறார். முதல் படியில் காலே வைக்காமல் பத்தாம் படியில் போய் உட்கார்ந்துகொண்டால் எப்படி? அதோடு வள்ளுவர் வேந்தனுக்குச் சொன்னது அவனுடைய சொந்த வயலுக்கு. 2025 செப்டம்பர் 9 அன்று கத்தாரில், சமாதானப் பேச்சுக்கு நடுவராக இருந்த நாட்டின் தலைநகரிலேயே, ஹமாஸ் தலைவர்கள் கூடியிருந்த வீட்டின் மேல் குண்டு விழுந்தது. குறிவைத்த பெரியவர்கள் தப்பிவிட்டார்கள், செத்தவர்களில் அவர்களில் ஒருவருடைய மகனும் கத்தார் பாதுகாப்பு வீரர் ஒருவரும் இருந்தார்கள். மூன்று வாரத்தில் இஸ்ரேல் பிரதமரே போனில் கத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார். பக்கத்து விளையில் போய் வெட்டிவிட்டு வந்து மன்னிப்புக் கேட்கிற கதை.

நான் சவூதியில் இருந்த காலத்திலேயே நடந்த ஒன்றை மறக்க முடியாது. 1997 செப்டம்பர் 25, ஜோர்டான் தலைநகர் அம்மானில், நடுத்தெருவில் ஹமாஸ் தலைவர்களில் ஒருவரான காலித் மிஷாலின் காதில் ஏதோ மருந்தைத் தெளித்தார்கள். வந்தவர்கள் கனடா பாஸ்போர்ட் வைத்திருந்த இஸ்ரேல் உளவாளிகள், பாதுகாவலர் துரத்திப் போய் இரண்டு பேரைப் பிடித்துவிட்டார். மிஷால் ஆஸ்பத்திரியில் மூச்சு அடங்கிக்கொண்டே போய்க் கிடக்கிறார். ஜோர்டான் மன்னர் ஹுசைன் ஒரே பிடியாக நின்றார், மாற்று மருந்து வந்தாக வேண்டும் என்று. கொல்ல வந்தவர்களே மாற்று மருந்தையும் கொண்டுவந்து கொடுத்தார்கள், மனிதர் பிழைத்தார். எங்கள் வார்டில் அம்மான்காரர் ஒரு டாக்டர் இருந்தார், இதை வாரக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், விஷம் கொடுத்தவனே டோஸ் எழுதிக் கொடுத்த முதல் கேஸ் என்று. சிரிப்பு வேறு, கணக்கு வேறு. பிடிபட்ட ஆட்களை மீட்க இஸ்ரேல் சிறையில் இருந்து விட வேண்டி வந்தது யாரைத் தெரியுமா, ஹமாஸை உண்டாக்கிய ஷேக் அகமது யாசினை. அதே யாசினை 2004 மார்ச் 22 அன்று விடியற்காலைத் தொழுகை முடிந்து சக்கர நாற்காலியில் வெளியே வரும்போது ஏவுகணை விட்டுக் கொன்றார்கள். ஒருவரைக் கொல்லப் போய், அதற்கு விலையாக இன்னொருவரை விடுவித்து, ஆறரை வருடம் கழித்து விடுவித்தவரைக் கொன்றார்கள். தப்பிய மிஷால் பிறகு ஹமாஸின் தலைவராகவே ஆனார். அன்றைக்கும் இஸ்ரேலில் பிரதமர் நெதன்யாகுதான், 2025இல் கத்தாரிடம் மன்னிப்புக் கேட்டவரும் அவர்தான்.

இதற்கு மறுபக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2023 அக்டோபர் 7 அன்று சுமார் 1,200 பேரைக் கொன்று, 251 பேரை இழுத்துக்கொண்டு போனவர்களுக்காக நான் அழ மாட்டேன். யாசினையும் அடுத்த மாதமே அவர் இடத்துக்கு வந்த ரந்திசியையும் கொன்ற பிறகு பஸ்ஸில் குண்டு வெடிப்பது நாளாக நாளாகக் குறைந்தது என்று இஸ்ரேல் பக்கத்தில் சொல்வார்கள், குறைந்தது உண்மை. சுவர் கட்டியது, 2005இல் சண்டை நிறுத்தம் வந்தது, எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. காசாவுக்குள் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வாரண்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்ட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஒருவன் நாளைக்குக் காலையில் பஸ்ஸில் ஏறப் போகிறான், இடுப்பில் குண்டு கட்டிக்கொண்டிருக்கிறான், பிடிக்க வழியே இல்லை என்றால் அவனைச் சுடுகிறவரை நான் கொலைகாரர் என்று சொல்ல மாட்டேன். என் தங்கை மகளும் அந்த ஊர் பஸ்ஸில்தானே போகிறாள்.

ஆனால் இந்த ஒரு கேஸைக் காட்டித்தான் மீதி எல்லாக் கேஸுக்கும் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். இதை நான் மட்டும் சொல்லவில்லை, இஸ்ரேலின் சொந்த உச்ச நீதிமன்றமே 2006 டிசம்பரில் சொன்னது. குறிவைத்துக் கொல்வது எப்போதும் சரி என்றும் சொல்ல மாட்டோம், எப்போதும் தப்பு என்றும் சொல்ல மாட்டோம், ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆள் யார் என்பதற்கு வலுவான ஆதாரம் வேண்டும், பிடிக்க முடியுமென்றால் கொல்லக் கூடாது, கொன்ற பிறகு சார்பில்லாத விசாரணை வேண்டும், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு வரும் சேதம் கிடைக்கிற பயனுக்கு மிஞ்சிப் போகக் கூடாது. படித்தபோது எங்கள் ஊசி விதிகள் மாதிரியே இருந்தது எனக்கு. ஆனால் அதற்கு நாலு வருடம் முன்னால், 2002 ஜூலை 22 ராத்திரி, காசா நகரத்தில் நெருக்கமான குடியிருப்பில் சலா ஷெஹாதே என்ற ஹமாஸ் தளபதி ஒரே ஆளைக் கொல்ல ஒரு டன் எடையுள்ள குண்டைப் போட்டிருந்தார்கள். அவர் செத்தார், அவர் மனைவி, மகள், அக்கம்பக்கத்து வீட்டுக் குழந்தைகள் என்று பத்துக்கும் மேல் செத்தார்கள். விமானி என்ன உணர்ந்தார் என்று கேட்டதற்கு, குண்டு விழும்போது விமானம் லேசாக ஒரு குலுக்குக் குலுக்கும் என்றார் விமானப்படைத் தளபதி. 2003 செப்டம்பரில் அந்த நாட்டு விமானிகளே 27 பேர் இனி இப்படிப்பட்ட தாக்குதலுக்குப் போக மாட்டோம் என்று கடிதம் எழுதினார்கள். அரசு அமைத்த விசாரணைக் குழு 2011இல், விளைவு அளவுக்கு மீறிப்போனது உண்மை, உளவுத் தகவலில் கோளாறு, ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை என்று அறிக்கை கொடுத்தது. ஒன்பது வருடம் ஆனது அதைச் சொல்ல. எங்கள் வார்டில் மருந்து மாறினால் விடிவதற்குள் ரிப்போர்ட் எழுத வேண்டும்.

இனி சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். தமிழர்களுக்கு இதெல்லாம் டிவியில் பார்க்கிற வெளிநாட்டுச் செய்தி இல்லை. 2007 நவம்பர் 2 அன்று கிளிநொச்சியில் விடுதலைப் புலிகளின் அரசியல் பிரிவுத் தலைவர் சுப. தமிழ்ச்செல்வனை இலங்கை விமானப்படை குண்டு போட்டுக் கொன்றபோது இங்கே எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவரைக் கொன்றுவிட்டால் அப்புறம் யாரோடு பேசுவார்கள் என்று அன்றைக்கு நாம் கேட்டோம், சரியான கேள்வி. 2024 ஜூலை 31 அன்று தெஹ்ரானில் ஹனியேவைக் கொன்றபோதும் அதே கேள்விதான், சண்டை நிறுத்தப் பேச்சில் ஹமாஸ் பக்கம் இருந்த பெரிய தலை அவர். ஆனால் நம் கேள்வி எப்போதும் நேராக நின்றதில்லை. 1989இல் இலங்கைத் தமிழர் கட்சித் தலைவர் அமிர்தலிங்கத்தைக் கொழும்பில் அவர் வீட்டிலேயே சுட்டார்கள், சுட்டவர்களும் தமிழர்கள். அதே வருடம் செப்டம்பரில் யாழ்ப்பாணம் மருத்துவ பீடத்தில் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்த டாக்டர் ராஜினி திரணகம சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சுடப்பட்டார். 1999இல் தமிழ் எம்.பி. நீலன் திருச்செல்வம். 2005இல் மட்டக்களப்பு மரியாள் பேராலயத்தில் கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியில் தமிழ் எம்.பி. ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டது இலங்கை அரசுப் பக்கத்துக் கை என்று சொல்கிறார்கள். நாங்கள் இங்கே அதே நேரத்தில் அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தோம், பிறகுதான் செய்தி தெரியும். இவர்களில் யாருக்கு அழுதோம், யாருக்கு "துரோகிதானே" என்று சொல்லிவிட்டுச் சோறு தின்றோம் என்று அவரவர் வீட்டில் யோசித்துப் பார்க்கலாம். 1991 மே 21, ராஜீவ் காந்தி கொலை பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, அந்த ராத்திரிக்கு அப்புறம் பழவிளை இலங்கை அகதிகள் முகாமில் இருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிற தாய்மார்களை வரிசையில் நின்ற மற்றவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை மட்டும் நான் பார்த்திருக்கிறேன்.

என்னையும் நான் விட்டுவிடவில்லை. 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில் ஒரு பெண் டாக்டரைச் சீரழித்துக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நாலு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது, ஜனங்கள் போலீஸ்காரர்கள் மேல் பூவைக் கொட்டினார்கள். நானும் எங்கள் நர்ஸ் குரூப்பில் கைதட்டுகிற பொம்மை போட்டவள்தான். உச்ச நீதிமன்றம் வைத்த விசாரணைக் குழு 2022இல், அது வேண்டுமென்றே கொல்லும் நோக்கத்தோடு சுட்டது என்று சொன்னது, அந்த நாலு பேரில் மூன்று பேர் சம்பவ நேரத்தில் பதினெட்டு வயது ஆகாதவர்கள் என்றும் சொன்னது. பட்டையைத் திருப்பிப் பார்க்காமல் போட்ட ஊசிக்கு நான் கைதட்டியிருக்கிறேன். அதற்கு அடுத்த மாதம், 2020 ஜனவரி 8 ராத்திரி, நம் களியக்காவிளை சோதனைச்சாவடியில் பணியில் இருந்த சிறப்பு எஸ்.ஐ. ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் நின்ற எல்லார் வாயிலும் "என்கவுன்டர்ல போடணும்" என்பதுதான். என் வாயிலும். ஆனால் தேடிப்போன போலீஸார் சந்தேகப்பட்ட இரண்டு பேரைக் கர்நாடகத்தில் உடுப்பியில் வைத்து உயிரோடு பிடித்துக் கொண்டுவந்தார்கள், வழக்கு தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.விடம் போனது. ஒரு வாரத்துக்குள் பிடித்தார்கள். தங்கள் ஆளையே பறிகொடுத்த போலீஸ் அதைச் செய்தது, இதை ஏன் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

தங்கை மகள் விஷயம் பாக்கி. அவள் இருக்கிறது பழைய கட்டடம், புதுக் கட்டடங்களில் இருக்கிற மாதிரிக் கான்கிரீட் பாதுகாப்பு அறை கிடையாது, சைரன் அடித்தால் மாடிப்படிக்கு ஓட வேண்டும். 88 வயது அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா, அணைத்துப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்க வேண்டும். நஸ்ரல்லா செத்த செய்தி வந்த அன்று சாயங்காலம் வீடியோவில் பேசினாள். "என்ன மக்ளே, அங்க எல்லாரும் கொண்டாடுறாங்களாமே" என்று கேட்டேன். "கொண்டாடுறவங்க கொண்டாடுறாங்க பெரியம்மா, நான் பாட்டியோட செருப்ப எடுத்து வாசல்ல வச்சிட்டேன், போனுக்கு சார்ஜ் போட்டுட்டேன், ரெண்டு பாட்டில் தண்ணி" என்றாள். ஒவ்வொரு தலைவர் சாவுக்கும் அவள் செய்கிற முதல் வேலை அதுதானாம், அந்தப் பாட்டிதான் சொல்லிக்கொடுத்ததாம். அக்டோபர் 1 ராத்திரி அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். 2021 மே மாதம் அஸ்கெலானில் இதே வேலையில் இருந்த இடுக்கிக்காரி ஒருத்தி வீட்டுக்காரரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே காசாவில் இருந்து வந்த ராக்கெட் விழுந்து செத்துப்போனாள், அதில் இருந்து என் தங்கை போன் மணி அடித்தால் முதலில் சிலுவை போட்டுக்கொள்வாள், அப்புறம்தான் எடுப்பாள்.

இப்போது உங்களிடம் கேட்க நினைத்தது. இப்படி ஒரு செய்தி வரும்போது உங்கள் பத்திரிகையில் 'முக்கியத் தளபதி பலி' என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள், கீழே பொடி எழுத்தில் 'மேலும் 11 பேர் உயிரிழந்தனர்' என்று முடித்துவிடுகிறீர்கள். சில நாள் 'தீர்த்துக்கட்டியது', 'துல்லியத் தாக்குதல்' என்றும் வருகிறது, துல்லியம் என்பது குண்டு போட்டவர்கள் சொன்ன வார்த்தை, அதை நீங்கள் ஏன் உங்கள் வார்த்தையாகப் போட வேண்டும்? அந்த 11 பேர் யார், என்ன வயது, அந்த ஆளுக்குப் பக்கத்தில் எதற்காக இருந்தார்கள், மாடி வீட்டுக்காரர்களா, பால் கொண்டுவந்தவரா என்று கிடைக்கிற மட்டும் தேடி, தலைவர் பெயர் போட்ட அதே அளவு எழுத்தில் போடுங்கள். அந்தப் பக்கம் ராக்கெட் விழுந்து செத்தவர்களுக்கும் அதே அளவு எழுத்துதான். உடனே தெரியாவிட்டால் ஒரு வாரம் கழித்துத் தெரியும், அப்போது போடுங்கள், ஏழாம் பக்கத்தில் என்றாலும் பரவாயில்லை. நாகர்கோவில் வாசகரும் அதை வாசித்துவிட்டு இன்னொரு கடிதம் எழுதட்டும், நான் கட்டாயம் வாசிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலி ஒருத்தி,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.